துப்பாக்கி உரிமம்: ராமநாதபுரம் கடலோர மக்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், ராமேசுவரம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று நீளும் நம் கடலோரத்தில் துப்பாக்கி உரிமம் பற்றி விசாரிப்பவர்கள் பலதரப்பட்டவர்கள். நகைக்கடை வைத்திருப்பவர், இறால் பண்ணைக்காரர், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பன்றிக்குப் பயிரைப் பறிகொடுத்த விவசாயி, தாத்தா காலத்துத் துப்பாக்கியைப் பரணில் கண்டெடுத்த பேரன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கவலை. யாரிடம் கேட்பது என்று தெரியாததால் பாதிப் பேர் இடைத்தரகரிடம் போய் நிற்கிறார்கள். அது நேராமல் இருக்கவே இந்தப் பதில்கள்.

உள்ளூர் காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் உரிமம் தருவார்களா?

தரமாட்டார்கள். உரிமம் வழங்கும் அதிகாரம் காவல் நிலையத்துக்குக் கிடையாது. சென்னை, மதுரை, திருச்சி போன்ற மாநகரங்களில் அந்த அதிகாரம் மாநகரக் காவல் ஆணையரிடம் இருக்கிறது. மதுரையில் இருக்கும் மாமாவோ மச்சானோ "கமிஷனர் ஆபீசில் வாங்கினேன்" என்று சொல்வது இதனால்தான். நம் மாவட்டத்தில் ஆணையரகம் இல்லை. மாவட்ட நடுவர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியர்தான் உரிமம் வழங்கும் அதிகாரி. ராமநாதபுரத்தில் உள்ள ஆட்சியர் அலுவலகம்தான் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டிய இடம்.

அதற்காகக் காவல் நிலையத்தின் பங்கு சிறியது என்று எண்ணிவிட வேண்டாம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 13-ஆம் பிரிவின்படி, விண்ணப்பதாரரின் பகுதிக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியிடம் அறிக்கை கேட்டுப் பெற வேண்டும் என்கிறது. கையெழுத்து ஆட்சியருடையது, அந்தக் கையெழுத்து விழுமா விழாதா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் இருந்து போகும் அறிக்கை.

தற்காப்பு என் உரிமை அல்லவா? பிறகு ஏன் காரணம் கேட்கிறார்கள்?

தற்காப்பு உரிமை சட்டத்தில் இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்தது, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. ஆனால் துப்பாக்கி வைத்திருப்பது நம் நாட்டில் அடிப்படை உரிமை அல்ல. அது சட்டம் நிபந்தனையோடு தரும் அனுமதி மட்டுமே. ஆகவே தேவையை நிரூபிக்கும் பொறுப்பு கேட்கிறவர் தலையில்தான் விழுகிறது.

யார் விண்ணப்பிக்க முடியாது?

21 வயது நிரம்பாதவர்களுக்குக் கிடையாது. துப்பாக்கி சுடும் விளையாட்டில் பயிற்சி பெறும் இளையோருக்கு மட்டும், கண்காணிப்போடு கூடிய விதிவிலக்கு உண்டு. வன்முறை அல்லது ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்துக்காகச் சிறைத் தண்டனை பெற்றவர், தண்டனைக் காலம் முடிந்து 5 ஆண்டுகள் ஆகும் வரை வாங்க முடியாது. மனநலம் குன்றியவர்களுக்கும் இல்லை.

நம் மாவட்டத்தில் பலர் மறந்துவிடும் ஒன்று உண்டு. ஊர்த் திருவிழாத் தகராறு, விசைப்படகுக்காரருக்கும் நாட்டுப்படகுக்காரருக்கும் நடந்த சண்டை, நிலத் தகராறு என்று ஏதோ ஒன்றில் கோட்டாட்சியர் முன்பு நன்னடத்தை உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார்கள். "107-இல் போட்டார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்" என்று, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவைச் சாதாரணமாகச் சொல்வார்கள். அந்தப் பத்திரத்தின் காலம் முடியும் வரை உரிமம் பெறத் தடை இருக்கிறது. காலம் முடிந்த பிறகும் அது காவல் நிலையப் பதிவேட்டில் இருக்கும். விண்ணப்பத்தில் அதை மறைக்காதீர்கள். நடந்ததை எழுதி, எப்போது முடிந்தது என்று சொல்லிவிடுவதே நல்லது. மறைத்தது தெரிந்தால் அதுவே தனிக் காரணமாகிவிடும். பிறகு வாங்கிய உரிமத்தைக் கூட ரத்து செய்யலாம்.

எந்தக் காரணத்தை ஏற்பார்கள்?

விண்ணப்பத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. "உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்புத் தேவை" என்று ஒரே வரி எழுதிக் கொடுப்பவர்கள்தான் அதிகம். அந்த ஒரு வரி எதையும் சொல்வதில்லை.

2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், தொழிலின் தன்மையாலோ வேறு வகையிலோ உயிரையும் சொத்தையும் காக்க உண்மையான தேவை உள்ளவர்களையும், துப்பாக்கி சுடும் விளையாட்டில் ஈடுபட்டவர்களையும், பாதுகாப்புப் படைகளில் பணியாற்றியவர்களையும் கருத்தில் கொள்ளச் சொல்கின்றன. நீங்கள் இவற்றில் எங்கே பொருந்துகிறீர்கள் என்பதை ஆதாரத்தோடு காட்ட வேண்டும். இரவு நேரத்தில் பெருந்தொகையை எடுத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்வருகிறவர் என்றால் வணிகப் பதிவு, வங்கிக் கணக்கு விவரம், எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் இடையே பயணம் என்பதை எழுதுங்கள். மிரட்டல் இருந்தால், அது வந்தபோதே காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் மனு ரசீதையோ முதல் தகவல் அறிக்கையின் நகலையோ இணையுங்கள். ஊரை விட்டு ஒதுங்கிய தோப்பில் குடியிருந்தால் பக்கத்து வீடு எவ்வளவு தொலைவு என்று சொல்லுங்கள்.

புகார் எதுவும் கொடுக்காமல் "எனக்குக் கொலை மிரட்டல் இருக்கிறது" என்று எழுதினால், அப்போதே ஏன் வரவில்லை என்றுதான் முதலில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான் அது.

சொத்து குறைவு என்பதை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று சட்டத்தின் 14-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. பணக்காரருக்குத்தான் உரிமம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதேபோல், கௌரவத்துக்காகத் துப்பாக்கி கேட்பவர் எவ்வளவு சொத்து காட்டினாலும் அது தேவை ஆகாது. என் கருத்தைக் கேட்டால், வீட்டுத் திருட்டுக்குப் பயந்து விண்ணப்பிக்க நினைப்பவர்களில் பெரும்பாலோருக்கு நல்ல பூட்டும், கேமராவும், வெளியூர் போகும்போது காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகும் பழக்கமும் போதும். சிறு பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் துப்பாக்கி புதிய ஆபத்தைக் கொண்டுவருகிறது.

விண்ணப்பத்தோடு என்னென்ன கொடுக்க வேண்டும்?

தனிநபருக்கான படிவத்தின் பெயர் ஏ-1. மத்திய உள்துறையின் ஆயுத உரிம இணையதளம் வழியாக நிரப்பி, அச்செடுத்து, ஆவணங்களோடு ஆட்சியர் அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். வயதுச் சான்று, அடையாளச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படங்கள், உடல்நலமும் மனநலமும் பற்றிய மருத்துவச் சான்று, ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிக்கான சான்று, பத்திரமாக வைத்திருப்பேன் என்ற உறுதிமொழி ஆகியவை அடிப்படை. வருமான வரிக் கணக்கு, தொழில் ஆவணம், ஓய்வு பெற்ற படைவீரர் என்றால் பணி விடுவிப்புச் சான்று ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முகவரியில் கவனம் தேவை. பாம்பன், தங்கச்சிமடம் பகுதிகளில் ஆதாரில் ஒரு தெருப் பெயரும் குடும்ப அட்டையில் இன்னொரு தெருப் பெயரும் இருப்பது சாதாரணம். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு விண்ணப்பியுங்கள். கட்டணத்தை அரசுக் கணக்கில் மட்டும் செலுத்தி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

காவல் துறை விசாரணையில் என்ன நடக்கும்?

கோப்பு ஆட்சியர் அலுவலகத்தில் இருந்து மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வழியாக உங்கள் காவல் நிலையத்துக்கு இறங்கி வரும். வருவாய்த் துறையிடமும் கருத்துக் கேட்பது வழக்கம் என்பதால் கிராம நிர்வாக அலுவலரும் விசாரிக்கலாம். காவல் நிலையத்தில் முதலில் பதிவேடுகளைப் பார்ப்பார்கள். வழக்கு, புகார், உறுதிப் பத்திரம், குடித்துவிட்டுத் தகராறு செய்த பழைய கதை எல்லாமே வெளியே வரும். நம் கரையோரத்தில் கடல் அட்டை, பீடி இலை, தங்கம் என்று கடத்தல் வழக்குகள் ஓயாமல் பதிவாகின்றன. கடலோரப் பாதுகாப்புக் குழுமம், காவல் துறையின் உளவுப் பிரிவுகளில் ஒன்றான கியூ பிரிவு, சுங்கத் துறை என்று பல துறைகள் இங்கே கண்காணிப்பில் இருக்கின்றன. அப்படிப்பட்ட வழக்கில் பெயர் அடிபட்டிருந்தால் அறிக்கை சாதகமாக வராது.

பிறகு ஏட்டு வீட்டுக்கு வருவார். பக்கத்து வீட்டில் கேட்பார், டீக்கடையில் கேட்பார். "எங்கே வைக்கப் போகிறீர்கள்?" என்று நிச்சயம் கேட்பார். அப்போது படுக்கையறை பீரோவைத் திறந்து காட்டுகிறோம். உப்புக்காற்றில் கீல் துருப்பிடித்து, கதவு ஒருபக்கம் தொங்கி, பூட்டுக்குப் பதிலாகக் கைப்பிடியில் நூல் கட்டிய பீரோ. அதைப் பார்த்துவிட்டு அவர் என்ன எழுதுவார்? சுவரோடு சேர்த்து இறுக்கிய, சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கும் இரும்புப் பெட்டியை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். தோட்டாவைத் தனியாகப் பூட்டி வைக்க இன்னொரு இடம் வேண்டும். உரிமம் கிடைத்த பிறகும் இந்தக் காற்று உங்களை விடாது. எண்ணெய் துடைப்பு தவறினால் குழலின் உள்பக்கம் செந்நிறமாகிவிடும். துருப்பிடித்த குழலில் சுடுவது, சுடுகிறவருக்கே ஆபத்து.

எத்தனை நாளில் கிடைக்கும்?

காவல் துறை அறிக்கைக்கு 30 நாள், அறிக்கை வந்த பின் ஆட்சியர் முடிவெடுக்க 60 நாள் என்று விதிகள் சொல்கின்றன. நடைமுறையில் தாமதம் ஆகலாம். குறிப்பாகச் செப்டம்பர் 11 இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 தேவர் ஜெயந்தி ஆகிய இரண்டுக்கும் இடைப்பட்ட வாரங்களில் மாவட்டக் காவல் துறை முழுவதும் பாதுகாப்புப் பணியில் இருக்கும். அந்த நேரத்தில் விசாரணை நகரவில்லை என்று கோபப்படுவதில் பயன் இல்லை.

உரிய காலத்தில் அறிக்கை வராவிட்டால் அதற்குக் காத்திராமலே உத்தரவிட ஆட்சியருக்கு 13-ஆம் பிரிவு இடம் தருகிறது. எழுத்து மூலம் நினைவூட்டுங்கள். கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

பணம் கொடுத்தால் வெளிமாநிலத்தில் உரிமம் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

கூடவே கூடாது. ஒவ்வொரு உரிமத்துக்கும் தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் தனி அடையாள எண் உண்டு. அந்த எண் இல்லாத உரிமம் செல்லாது. பொய் முகவரியில் வாங்கிய தாளைக் காட்டினால் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்ததாகவே வழக்கு வரும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. போலி ஆவண வழக்கு தனி. பணம் கேட்பவர் உள்ளூர் ஆள், தெரிந்தவர் என்பதால் எதுவும் மாறிவிடாது.

மறுத்துவிட்டால்?

மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். நீங்கள் கேட்டால், பொதுநலன் கருதி மறைக்க வேண்டிய நிலை இருந்தால் தவிர, அதைச் சுருக்கமாகத் தர வேண்டும். அந்த உத்தரவின் மீது 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதிலும் நியாயம் கிடைக்கவில்லை என்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இருக்கிறது. "காவல் துறை பரிந்துரைக்கவில்லை" என்ற ஒற்றை வரியோடு மறுப்பு வந்தால், ஏன் பரிந்துரைக்கவில்லை என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, தயங்காமல் கேளுங்கள்.

கடலுக்குப் போகும்போது படகில் துப்பாக்கி எடுத்துச் செல்லலாமா?

நடுக்கடலில் தாக்கப்பட்டு, வலையையும் மீனையும் பறிகொடுத்து வந்தவர்கள் இதைக் கேட்கும்போது அவர்களின் வேதனை புரிகிறது. ஆனாலும் பதில் ஒன்றுதான்: எடுத்துச் செல்லாதீர்கள். உரிமத்தில் எந்தப் பகுதிக்குள் செல்லும் என்று குறிப்பிடப்பட்டிருக்கும். ஆயுதத்தை இந்தியாவுக்கு வெளியே கொண்டுபோகவும் உள்ளே கொண்டுவரவும் சட்டத்தின் 10-ஆம் பிரிவு தனி உரிமம் கேட்கிறது. பாக் நீரிணையில் சர்வதேச எல்லைக் கோடு மிக அருகில் இருக்கிறது. காற்றும் நீரோட்டமும் தள்ளிவிட்டால் எல்லை கடந்தது தெரியாமலே கடந்துவிடுவோம். வலையோடு பிடிபட்டவர் மீனவர். துப்பாக்கியோடு பிடிபட்டவரை இலங்கைக் கடற்படை அப்படிப் பார்க்காது. அவர் மட்டும் அல்லாமல் படகில் இருந்த எல்லோரும் சிக்குவார்கள். வீடு திரும்புவதற்கு நாம் நம்பியிருக்கும் "மீன்பிடிக்கத்தான் வந்தோம்" என்ற ஒரே வாதமும் போய்விடும்.

கடலில் ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல் படையின் அவசர எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. படகில் இருக்கும் எல்லோரும் இந்த எண்களை அறிந்திருக்க வேண்டும்.

காட்டுப்பன்றி பயிரை அழிக்கிறது. சுடலாமா?

சீமைக் கருவேலங்காட்டில் பதுங்கி இரவில் இறங்கும் பன்றிக் கூட்டம் நெல்லையும் நிலக்கடலையையும் ஒரே இரவில் உழுதுபோட்டுவிடுகிறது. பயிர்ப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி உரிமம் என்ற வகை சட்டத்தில் இருக்கிறது; பெரும்பாலும் குழல் வாய் வழியாக மருந்து திணிக்கும் பழைய வகைத் துப்பாக்கிக்கு அது பொருந்தும். ஆனால் உரிமம் இருப்பது வேறு, விலங்கைச் சுடும் அனுமதி வேறு. காட்டுப்பன்றியும் புள்ளிமானும் மயிலும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு எடுத்த முடிவின்படி, காப்புக்காட்டில் இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளைச் சுடலாம். சுட வேண்டியவர் வனத்துறைப் பணியாளர், விவசாயி அல்ல. ஆகவே வனச்சரக அலுவலகத்தில் மனுவும், சேதத்தின் புகைப்படமும், இழப்பீட்டு விண்ணப்பமும் கொடுங்கள். மின்வேலிக்கும் நாட்டு வெடிக்கும் போகாதீர்கள்; அவற்றில் பலியானவர்களில் மனிதர்களும் உண்டு.

ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டுமா?

குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கும், குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்கும் உட்பட்ட ஏர்கன்னுக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் அதை வைத்துப் பறவை சுடுவது குற்றம். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் ஆகிய சரணாலயங்களுக்கு வலசை வரும் பறவைகள் கண்மாய்க் கண்மாயாக இரை தேடிப் பறக்கின்றன. சரணாலயத்துக்கு வெளியே சுட்டேன் என்பது பதில் ஆகாது.

எத்தனை துப்பாக்கி, எந்த வகை, எத்தனை ஆண்டு?

2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகள் வைத்திருக்கலாம். உரிமம் 5 ஆண்டு செல்லும். புதுப்பிக்க, முடிவதற்கு 60 நாள் முன்பே விண்ணப்பியுங்கள். .32 ரிவால்வர், 12 போர் (bore, குழல் அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கி போன்றவை சாதாரண வகை. 9 மி.மீ. கைத்துப்பாக்கி, .303 ரைபிள் போன்றவை தடைசெய்யப்பட்ட வகை; அவற்றுக்கு ஆட்சியர் உரிமம் தர முடியாது. வாங்கலாம் எனும் தோட்டாக்களின் எண்ணிக்கை உரிமத்திலேயே எழுதியிருக்கும்.

திருமண வீட்டில் மகிழ்ச்சிக்காக வானத்தில் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்து ஊருக்குக் காட்டுவதும் உரிம நிபந்தனைக்கு எதிரானது.

நான் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போகிறேன். துப்பாக்கியை வீட்டில் மனைவியிடம் விட்டுச் செல்லலாமா?

கூடாது. உரிமம் பெயருக்குரியவருக்கு மட்டுமே. காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு விமானம் ஏறுங்கள். தேர்தல் அறிவித்ததும் ஒப்படைக்கச் சொல்வார்கள். அப்போதும் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள்.

அத்தா இறந்துவிட்டார். அவர் பெயரில் இருந்த துப்பாக்கியை என்ன செய்வது?

தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ கடையிலோ ஒப்படைக்க வேண்டும். நாற்பதாம் நாள் கழியட்டும், பங்கு பிரியட்டும் என்று வைத்திருந்தால், வைத்திருப்பவர் உரிமம் இல்லாதவர் ஆகிறார். பிறகு வாரிசுகளில் ஒருவர், மற்றவர்களின் சம்மதத்தோடு, தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். அவருக்கும் அதே விசாரணை நடக்கும். உரிமதாரர் உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் வழி உண்டு: அவருக்கு 70 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

பரணில் கிடைத்த துருப்பிடித்த பழங்காலத் துப்பாக்கிக்கு, பழுது பார்த்தாலும் சுடவே முடியாத நிலை என்றால் 45-ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. அது சுடுமா சுடாதா என்பதை நீங்களே சோதித்துப் பார்க்க வேண்டாம். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

நிலத்தைத் தோண்டும்போது தோட்டாவோ துப்பாக்கியோ கிடைத்தால் நம் மேல் வழக்கு வருமா?

இந்தக் கேள்வி நம் ராமேசுவரம் தீவுக்குப் புதிதல்ல. 2018 ஜூன் மாதம் தங்கச்சிமடம் அந்தோணியார்புரத்தில் ஒரு வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி வெட்டியபோது துருவேறிய பெட்டிகள் தட்டுப்பட்டன. உள்ளே ஆயிரக்கணக்கான தோட்டாக்கள். 1980-களில் இலங்கைப் போராளிக் குழுக்கள் புதைத்துவிட்டுப் போனவையாகக் கருதப்பட்டன. காவல் துறைக்குத் தகவல் போனது, அவர்கள் வந்து தோண்டி எடுத்தார்கள்.

நீங்களும் அதையே செய்யுங்கள். கடப்பாரையை அந்த இடத்திலேயே போட்டுவிட்டு வெளியே வாருங்கள், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள், 100 அல்லது 112-க்கு அழையுங்கள். ஒன்றைக் கூட எடுத்துப் பார்க்கவோ, படம் எடுக்கத் துடைக்கவோ வேண்டாம். பழைய வெடிமருந்து எப்போது என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. தகவல் கொடுத்தவரிடம் விசாரிப்பார்கள், வாக்குமூலம் வாங்குவார்கள். அதற்குப் பயந்து மீண்டும் மண்ணைத் தள்ளி மூடினால்தான் சிக்கல். உங்களுக்குத் தெரிந்திருந்தது என்று அன்று குழி வெட்டிய ஆள் ஒருநாள் சொல்வார்.